ஒன்பதரை அங்குலம்

நாற்காலிக்கு அளவெடுத்த அன்றோடு அந்தப் பெண் வளர்வதை நிறுத்திக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயதும் நான்கு மாதமும். இடுப்பகலம் ஒன்பதரை அங்குலம். பதினெட்டு முடிந்த அன்று அளந்து பார்த்தபோதும் இடுப்பகலம் ஒன்பதரை அங்குலம்தான் இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் வீட்டெதிரே நின்ற மரம் மின்கம்பியைத் தொட்டுத் தொட்டு மூன்று முறை வெட்டப்பட்டது, தெருவின் மட்டம் தார் மேல் தாராக ஏறி வாசல்படியில் ஒன்றை விழுங்கியது, நலத்துறை அலுவலகத்துக்கு நான்கு முறை வண்ணம் மாறியது.

அவளுக்கு எதற்காக நாற்காலி வேண்டியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறந்ததிலிருந்தே அவளுடைய கால்கள் உடம்பைத் தாங்கவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், இடுப்புக்கு மேலே முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளுக்கும் வலுவில்லை. தரையில் உட்கார்ந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக ஊன்றிக்கொள்வாள். ஒரு கையை எடுத்தால் அந்தப் பக்கம் சாய்வாள்; இரண்டையும் எடுத்தால் முன்னால் கவிழ்வாள். ஆக, இரண்டும் குறையில்லாத கைகளாக இருந்தும் முக்காலியின் கால்களாகத்தான் வேலை செய்தன. குப்புறப் படுத்து எழுதலாமே என்று தோன்றும்; படுத்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டியது. மூலையில் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைக்கலாமே என்றும் தோன்றும். தலையணை அமுங்கும், அவள் அதோடு சேர்ந்து மெல்லச் சரிந்து, கால் மணி நேரத்தில் சுவரைப் பார்த்துக் கிடப்பாள். அவளுடைய அம்மா சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள். நாளின் வேலை முடிந்த பிறகு மகளை மடியில் வைத்து மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வாள். அப்போது மட்டும் பெண்ணின் கைகளுக்கு விடுதலை. அந்த நேரத்தில்தான் எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். சாய்மானமில்லாமல் தரையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையைத் தாங்க அம்மாவின் முதுகு பத்து நிமிடம்தான் சம்மதித்தது. பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதலாம். இரண்டாம் பக்கம் நாளைக்கு.

சரியான நாற்காலி என்பது சக்கரம் வைத்த ஆசனம் மட்டுமல்ல. தீப்பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர்களுக்கு விஷயம் எளிதில் விளங்கும். அடியில் இருக்கும் பெட்டி சற்றே சாய்ந்தால் மேலே உள்ள எல்லாமே சாயும், முதுகெலும்பும் அப்படித்தான். ஆகவே இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். அரை அங்குலம் கூடினால் இடுப்பு ஒருபுறம் வழுக்கும். அதற்கு மேலே இரண்டு பக்கத் தாங்கிகள். ஒன்று அக்குளுக்குக் கீழே வலப்புறம், இன்னொன்று விலாவில் இடப்புறம், சற்றுத் தாழ்வாக. இடுப்பில் ஒரு பிடி, இந்த இரண்டு பிடி, மொத்தம் மூன்று இடத்தில் பிடித்தால் போதும், தசை செய்யாத வேலையை மரமும் பஞ்சும் செய்துவிடும். கைகள் ஊன்றுவதை விட்டுவிட்டு எழுத, சாப்பிட, தலை வார, ஈ ஓட்டப் போகலாம். நாற்காலி கேட்டு மனுக் கொடுத்தபோது அம்மா எழுதிய காரணமும் அதுதான்: ‘கை வேண்டும்.’ அதைப் படித்த எழுத்தர் அம்மா தவறாக எழுதிவிட்டதாக நினைத்து அடித்துவிட்டு ‘நாற்காலி வேண்டும்’ என்று திருத்திக்கொண்டார்.

அளவெடுக்க வந்தவர் நலத்துறையின் அளவுக்காரர். அந்தப் பகுதி முழுவதற்கும் அவர் ஒருவர்தான். பையில் ஒரு நாடா, ஒரு பென்சில், கெட்டி அட்டை போட்ட இரண்டு புத்தகங்கள். உடம்பின் வளைவு மேல் நாடாவை ஓட்டினால் அளவு கூடிக் காட்டும். அதனால் இடுப்பின் இருபுறமும் புத்தகங்களைச் செங்குத்தாக நிறுத்தி, பிள்ளையைத் தொட்டும் தொடாமலும் நெருக்கி, புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பார். இடுப்பகலம், மார்பகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால், இருக்கையிலிருந்து அக்குள், இருக்கையிலிருந்து தோள் என்று படிவத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. ஆறையும் நிரப்பிவிட்டு, எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லும் நகைச்சுவையை அவளிடமும் சொன்னார்.

“பாப்பா, நாற்காலி வர்ற வரைக்கும் இந்த அளவு மாறாம பாத்துக்கணும். மாறிடுச்சுன்னா மாமா எடுத்ததெல்லாம் வீண்.”

மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இவள் சிரிக்கவில்லை.

“எத்தனை நாளைக்கு மாமா?”

“ஆறு மாசம்.”

“சரி” என்றாள்.

அவள் என்ன செய்தாள் என்பது யாருக்கும் தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல எதுவும் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். ஒரு வருடம் கழித்துத்தான் அம்மா கவனித்தாள், போன வருடத்துச் சட்டை இந்த வருடமும் பொருந்துகிறது. படிவத்தில் இருந்த ஆறும் நின்றுவிட்டன. படிவத்தில் இல்லாதவை வழக்கம்போல வளர்ந்தன. முடி வளர்ந்தது, நகம் வளர்ந்தது, பால் பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைத்தன, முகமும் குரலும் வயதுக்கேற்றபடி மாறின. கைகளுக்குக் கட்டம் கிடையாது. ஆகவே கைகளும் வளர்ந்தன. பதினைந்து வயதில் ஏழு வயது உடம்பின் இருபுறமும் பெரிய பெண்ணின் கைகள் தரையில் ஊன்றியிருந்தன. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்புக்கு ஏழு வயது என்றார், நோய் எதுவும் இல்லை என்றார், யோசித்துவிட்டு ‘வளர்ச்சி: நிலுவையில்’ என்று எழுதிக் கொடுத்தார். அதுவும் கோப்பில் சேர்ந்தது.

ஆறு மாதத்தில் வர வேண்டிய நாற்காலி வராததற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. அந்த ஆண்டுதான் அரசு உடற்குறை உள்ளவர்களுக்கான உதவிகளை எளிதில் கிடைக்கச் செய்யும் புதிய கொள்கையை அறிவித்தது. ஏழு மேசைகளைத் தாண்டிய கோப்பு இனி ஒரே சாளரத்தில் முடியும் என்றார்கள். நல்ல யோசனை. சாளரம் வைக்கச் சுவரை இடிக்க வேண்டியிருந்ததால் கோப்புகளை மூட்டையாகக் கட்டிக் கிடங்கில் வைத்தார்கள். பதினாறு மாதம் கழித்துச் சாளரம் திறந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வசதியாக இரண்டரை அடி உயரத்தில் வைத்திருந்தார்கள். நாற்காலி இன்னும் கிடைக்காததால் அதைக் கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வரப்பட்டார்கள். தூக்கி வந்தவர்கள் பிள்ளையோடு சேர்ந்து குனிந்து பேச வேண்டியிருந்தது. அடுத்து, போலிகளைத் தடுக்க எல்லோருக்கும் புது அட்டை. அடுத்து, அட்டையில் விழுந்த பிழைகளைத் திருத்த முகாம். ஒவ்வொரு சீர்திருத்தமும் முந்தையதன் குறையைச் சரியாகக் கண்டுபிடித்துத்தான் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒருமுறை அம்மா குனிந்து, உள்ளே இருந்த பிரிவு எழுத்தரிடம் கேட்டாள்.

“எல்லாம் சுலபம் ஆயிடுச்சுன்னு சொல்றாங்களே மேடம்?”

“ஆயிடுச்சும்மா. எங்களுக்கே பழக இன்னும் ஒரு வருஷம் ஆகும்.”

அந்த எழுத்தர் பொல்லாதவர் அல்ல. அம்மா வந்தால் தன்னுடைய நாற்காலியைச் சாளரத்துக்கு வெளியே தூக்கிக் கொடுத்து உட்காரச் சொல்லுவார். கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டு பேசுவார்.

அளவுச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அளவுக்காரர் வந்து புத்தகங்களை நிறுத்தி அளந்தார். இரண்டாம் ஆண்டு ஒன்பதரை என்றதும் நாடாவைச் சந்தேகித்தார். மூன்றாம் ஆண்டு வேறு நாடா கொண்டுவந்தார். அதுவும் ஒன்பதரை என்றதும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள், “மாறாம பாத்துக்கிட்டேன் மாமா” என்றாள். அவர் புத்தகங்களைப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அந்த நகைச்சுவையை அவர் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

அப்போதுதான் அலுவலகத்துக்குக் கணினி வந்திருந்தது. பிள்ளை என்றால் வளரும். வளராத அளவு வந்தால் யாரோ பழைய தாளையே நகலெடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பொருள். எனவே முந்தைய ஆண்டின் அதே ஆறு எண்கள் வந்தால் கணினி மனுவை ஏற்காது. மோசடி செய்பவர்களைப் பிடிக்க அருமையான வழி. அவ்வாறு பலரைப் பிடிக்கவும் செய்தார்கள். அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாளரத்தில் உட்கார வைத்துக் காட்டினாள்.

“நான் நம்பறேன்மா, எனக்குக் கண்ணு இருக்கு” என்றார் எழுத்தர். “அதுக்கு இல்லையே.”

“அப்ப இவ வளர்ந்தாதான் கிடைக்குமா?”

“வளர்ந்தா கிடைக்கும். ஆனா வளர்ந்தா அளவு மாறிடும், அப்புறம் வர்றது பத்தாது. போன மாசம் ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் ஆச்சு. அவங்க அப்பா அதுல செடித்தொட்டி வச்சிருக்கார்.”

அளவுக்காரர் அன்று அங்கேதான் இருந்தார். அடுத்த வாரம் கோப்பு நகர்ந்தது. அவர் இடுப்பகலம் பத்து என்று எழுதியிருந்தார். எண்களை மனம்போன போக்கில் கூட்டவும் முடியாது. ஆறும் ஒன்றுக்கொன்று இசைவாக வளர்கின்றனவா என்றும் கணினி பார்த்தது. தொடை ஒரு கதியிலும் தோள் ஒரு கதியிலும் போனால் கண்டுபிடித்துவிடும். எனவே உண்மையான ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. அவருடைய மகளுக்கும் அதே வயது. ஒவ்வொரு பிறந்த நாளன்றும் அவளை உட்கார வைத்து, இருபுறமும் புத்தகங்களை நிறுத்தி, அளந்து, கொண்டுவந்து இந்தக் கோப்பில் எழுதினார். “எதுக்குப்பா இது?” என்று மகள் கேட்டபோது “சட்டை தைக்க” என்றார், மூன்றாம் ஆண்டு, “சட்டை எங்கப்பா?” என்று கேட்டபோது ஒரு சட்டை வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே அட்டை எண்ணில் தாளில் ஒரு பெண் வளர்ந்துகொண்டே போனாள், தரையில் ஒரு பெண் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. நாற்காலிகளைச் செய்தது அலுவலகத்தின் பின்புறத்திலிருந்த பட்டறை. அங்கிருந்த தச்சர் இவருடைய கூட்டாளி. ஆணை வந்ததும் பட்டறைக்குப் போய், “தாள்ல இருக்கறதை விடு, இந்தா உண்மையான அளவு” என்று சொல்லிவிடுவதாக இருந்தார். அம்மாவிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தார். “எழுத்து அவங்களுக்கு, நாற்காலி நமக்கு. கவலைப்படாதேம்மா.” ஆறு ஆண்டுகள் அந்த ஏற்பாட்டில் ஓட்டையே இல்லை. ஏழாம் ஆண்டு, பட்டறையில் தாமதமாகிறது என்று பலரும் முறையிட்டதால், கொள்கையை மேலும் செம்மைப்படுத்தினார்கள். பட்டறை மூடப்பட்டது. கணினியிலுள்ள எண்கள் தொலைவிலிருந்த ஒரு தொழிற்சாலைக்கு நேராகப் போகும். நடுவில் எந்த மனிதக் கையும் படாது. தச்சர் கதவு செய்யப் போய்விட்டார். அளவுக்காரர் மூன்று கடிதங்கள் எழுதிப் பார்த்தார். உண்மையைச் சொல்லாமல் எழுதிய கடிதம் என்பதால் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மூன்றுக்கும் ‘கவனிக்கப்படுகிறது’ என்று பதில் வந்தது.

அம்மாவின் முதுகு அதற்குள் போயிருந்தது. மகள் கனம் கூடவில்லை என்பது உண்மை. ஆனால் பதினோரு ஆண்டுகள் அதே கனத்தைக் குளியலறைக்கும் பேருந்துக்கும் சாளரத்துக்கும் தூக்கினால் தூக்குகிறவளுக்கு அது கூடும். காலையில் எழுந்து நிமிர்வதற்குள் வாசலில் வெயில் ஏறிவிடும். மாலையில் மகளைப் பிடித்துக்கொள்ளும் பத்து நிமிடம் ஏழாகி, ஐந்தாகி, இரண்டு வரியாகக் குறைந்தது. பள்ளியில் வாயால் பதில் சொல்லி ஐந்தாம் வகுப்பு வரை போனவள், அதற்கு மேல் எழுத வேண்டும் என்றதும் நின்றுவிட்டிருந்தாள்.

நாற்காலி ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வந்தது. வண்டியிலிருந்து இரண்டு பேர் இறக்கினார்கள். கைக்கணினியோடு ஓர் இளம் அதிகாரி வந்தார். பொருத்திப் பார்க்க அளவுக்காரரும் வந்தார். அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. நாற்காலி அழகாக இருந்தது. பற்றவைத்த மூட்டுகள் அசையவில்லை, சக்கரம் ஒரு விரலுக்கு ஓடியது, பக்கத் தாங்கிகளில் பஞ்சு கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருந்தது. மூடியிருந்த தாளைக் கிழித்ததுமே அளவுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. முந்திய மாதம்தான் வீட்டில் அவர் புத்தகங்களை நிறுத்திப் பார்த்த அகலம் அது. அவருடைய மகள் அதில் உட்கார்ந்திருந்தால் நூல் பிசகாமல் பொருந்தியிருக்கும். அவள் அந்நேரம் ஏதோ ஒரு பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்துகொண்டிருந்தாள்.

பெண்ணைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். குளத்தில் இலை விழுந்ததுபோல இருந்தது. தாங்கிகள் அவளுடைய காதுக்குப் பக்கத்தில் நின்றன. இரு கைகளையும் இருக்கையில் ஊன்றிக்கொண்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அதிகாரி நல்ல பையன். தணிந்த குரலில்தான் சொன்னார். “அளவு சரியில்லைன்னா சொல்லுங்க, திருப்பி எடுத்துட்டுப் போயிடறோம். ஆனா யார் அளவெடுத்ததுன்னு விசாரணை வரும். அப்புறம் இன்னொண்ணு, உங்களுக்குப் பதினெட்டு முடிஞ்சுடுச்சு. சின்னப் பிள்ளைங்க பட்டியல்ல இதுதான் கடைசி. திருப்பினா பெரியவங்க பட்டியல்ல புதுசா வரணும்.”

அம்மா, “சாருக்குத் தெரியும், கேளுங்க” என்றாள். அளவுக்காரர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பெண் அவரையே பார்த்தாள்.

“வாங்கிக்கறேன்” என்றாள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. பயனாளி நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் படம் எடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான இரண்டு வரிகளைப் பயனாளியே சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். முன்பு கைநாட்டு வாங்கி ஏமாற்றியவர்கள் இருந்ததால் இந்தத் திருத்தம். எழுத வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும். அவள் வலது கையை எடுத்தாள், சாய்ந்தாள். இடக்கையை எடுத்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மா அவளைத் தூக்கினாள், நாற்காலியில் தான் உட்கார்ந்தாள், மகளை மடியில் வைத்து இரு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அம்மாவின் இடுப்பு மெலிந்த இடுப்பு. நாற்காலி அவளுக்கு வார்த்ததுபோல் பொருந்தியது. பக்கத் தாங்கிகள் விலாவைப் பிடித்தன, முதுகுப் பலகை முதுகைப் பிடித்தது. ஒரு வருடமாக நேராகாத முதுகு நேரானது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, வலிக்கவில்லை.

பெண் எழுதினாள். பெரிய, நேரான எழுத்து. ‘சக்கர நாற்காலியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். என் அளவுக்குச் சரியாக உள்ளது.’ அதிகாரி படம் எடுத்தார். படத்தில் ஒரு நாற்காலியும் ஒரு பயனாளியும் இருந்தார்கள். கூடவே ஓர் ஆள் இருக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. கோப்பு மூடப்பட்டது. அந்த ஆண்டின் அறிக்கையில் கொள்கையால் பயன் பெற்றோர் எண்ணிக்கையில் அவளும் ஒருத்தி.

அளவுக்காரர் கடைசியாகக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்.

“இனிமே வளரலாம்மா. மூடிட்டாங்க.”

“அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் புதுசு கேக்கலாமாமே மாமா.”

“கேக்கலாம்.”

“அப்ப வேற யாராவது வந்து அளப்பாங்க இல்ல? வளர்ந்து வச்சா அவங்களுக்குக் கஷ்டம்.”

அவர் படியிறங்கிப் போனார். அவள் வளரவில்லை.

நான்காம் நாள் சட்டைக்கடைக்கார அக்கா வழக்கம்போலத் தைத்ததை வாங்கிக்கொண்டு புதிய மூட்டையைக் கொடுக்க வந்தாள். சன்னல் பக்கம் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் மகள். அம்மாவின் இரண்டு கைகளும் மகளின் விலாவைச் சுற்றியிருந்தன. மகளின் பெரிய கைகள் ஒரு நீலச் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தன. நான்கு துளைப் பொத்தானைக் குறுக்கே இரண்டு முறை வாங்கி, துணிக்கும் பொத்தானுக்கும் நடுவே நூலை மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் முடிந்து, பல்லால் கடித்தாள். அந்த வீட்டில் முன்பும் நான்கு கைகள் இருந்தன, இரண்டுதான் வேலைக்கு ஆகும். இப்போதும் இரண்டுதான். அக்கா ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, பொத்தானை இழுத்துப் பார்த்தாள்.

“நல்லா இறுக்கமா இருக்கே. யார் போட்டது?”

“இவதான்க்கா.”

“அப்ப நீ என்ன பண்ற?”

“நான் நாற்காலியா இருக்கேன்.”

அக்கா தலையாட்டினாள். புதிய மூட்டையை எப்போதும் வைக்கும் இடத்தில் வைக்காமல், மகளின் கைக்கு எட்டுகிற மாதிரி சன்னல் திட்டில் வைத்தாள். அடுத்த வாரம் குழந்தைகள் சட்டை வரும், பொத்தான் சின்னது, பார்த்துப் போடச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனாள்.